பெயர்ப்பலகை பல, அட்டவணை சில

2024 மே 23ஆம் தேதி மைக்ரோசாஃப்டின் பிங் தேடுபொறி சில மணி நேரம் படுத்துவிட்டது. கூகுளோடு ஒப்பிட்டால் பிங்கைப் பயன்படுத்துகிறவர்கள் கொஞ்சம் பேர்தான் என்பதால், அது ஒரு சின்னச் செய்தியாக முடிந்திருக்க வேண்டும். ஆனால் அதே நேரத்தில் டக்டக்கோவில் தேடியவர்களுக்கும் முடிவுகள் வரவில்லை. ஜெர்மனியின் இகோசியாவும் தடுமாறியது. சாட்ஜிபிடியின் இணையத் தேடலும் நின்றுபோனது. பெரிய நிறுவனங்களே வேண்டாம் என்று ஒதுங்கிப் போனவர்களில் பலருக்கு, தாங்கள் இத்தனை நாளும் பிங்கில்தான் தேடிக்கொண்டிருந்தோம் என்பது அன்றுதான் தெரிந்திருக்கும்.

கூகுளுக்கு மாற்று தேடுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதிலிருந்து கிடைக்கிறது: இந்தத் தேடுபொறி யாருடைய அட்டவணையில் தேடுகிறது?

தேடுபொறிக்குள் மூன்று வேலைகள் நடக்கின்றன. கிராலர் என்னும் நிரல், ஒரு பக்கத்திலுள்ள இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்கும் அங்கிருந்து இன்னொன்றுக்கும் போய், கண்ட பக்கங்களையெல்லாம் நகலெடுத்து வருகிறது. அந்த நகல்களிலுள்ள ஒவ்வொரு சொல்லும் எந்தெந்தப் பக்கங்களில் வருகிறது என்று அட்டவணை போடுவது அடுத்த வேலை. ஒருவர் ‘நெல்’ என்று தட்டியதும் தேடுபொறி இணையம் முழுவதையும் அலசப் போவதில்லை. முன்பே போட்டுவைத்த அட்டவணையில் ‘நெல்’ என்ற வரியை எடுக்கிறது, அவ்வளவுதான். விடை அரை நொடிக்குள் வருவதன் ரகசியம் இது. அந்த வரியில் அகப்பட்ட லட்சக்கணக்கான பக்கங்களில் எதை மேலே வைப்பது, எதைக் கீழே தள்ளுவது என்ற வரிசைப்படுத்தல் மூன்றாவது. லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998இல் கூகுள் நிறுவனத்தைத் தொடங்கியபோது, அன்றைக்குப் பெயர்பெற்றிருந்த ஆல்டாவிஸ்டா போன்றவற்றை முந்தியது இங்கேதான். ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன, சுட்டுகிற பக்கங்களுக்கு என்ன மதிப்பு என்று கணக்கிட்டு அவர்கள் வரிசை போட்டார்கள்.

பணத்தை விழுங்குவது கிராலரும் அட்டவணையும். 2020இல் கூகுளின் அட்டவணையில் சுமார் 40,000 கோடி ஆவணங்கள் இருந்தன என்பது அமெரிக்க நீதிமன்ற விசாரணையில் வெளிவந்தது. பக்கங்கள் மாறிக்கொண்டே இருப்பதால் அவற்றைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கவும் வேண்டும். ரஷ்யாவின் யாண்டெக்ஸ், சீனாவின் பாய்டு, தென்கொரியாவின் நேவர் ஆகியவை தத்தம் மண்ணில் இதைச் செய்கின்றன. மேற்கு நாடுகளில் இந்த அளவில் செய்பவை கூகுளும் பிங்கும்தான். மற்றவர்களில் பெரும்பாலோர் இந்த இருவரிடம் முடிவுகளை விலைக்கு வாங்கி, தங்கள் பக்கத்தில் அழகாக அடுக்கித் தருகிறார்கள். தெருவில் பத்து ஓட்டல் பெயர்ப்பலகைகள், பின்னால் இரண்டே சமையற்கட்டு.

அப்படியானால் அவற்றால் பயனே இல்லையா? இருக்கிறது. கேப்ரியல் வைன்பெர்க் 2008இல் அமெரிக்காவில் தொடங்கிய டக்டக்கோ, பெரும்பாலும் பிங்கின் முடிவுகளைத் தந்தாலும், தேடுகிறவர் யார் என்று குறித்துவைப்பதில்லை. ‘மிதிவண்டி’ என்று தேடினால் மிதிவண்டி விளம்பரம் வரும். போன வாரம் தேடிய மருந்தின் பெயர் அதில் கலக்காது. நெதர்லாந்தின் ஸ்டார்ட்பேஜ் இதே காரியத்தைக் கூகுளின் முடிவுகளை வைத்துச் செய்கிறது: பயனரின் சார்பில் தானே கூகுளிடம் கேட்டு வாங்கித் தருவதால், கேட்டது யார் என்பது கூகுளுக்குத் தெரியாது. 2009இல் பெர்லினில் பிறந்த இகோசியா, விளம்பர லாபத்தை மரம் நடச் செலவிடுகிறது.

ஆனாலும் விலைக்கு வாங்குகிறவர் விற்பவரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர். டக்டக்கோ வெளியிட்ட உலாவி, மற்ற தளங்களிலுள்ள மைக்ரோசாஃப்டின் வேவு நிரல்களை மட்டும் தடுக்காமல் விடுகிறது என்பதை 2022இல் ஓர் ஆய்வாளர் கண்டுபிடித்தார். மைக்ரோசாஃப்டோடு போட்ட தேடல் ஒப்பந்தம்தான் காரணம் என்று நிறுவனமே சொன்னது. சில மாதங்களில் அது சரிசெய்யப்பட்டது. பிறகு 2025 ஆகஸ்டில், வெளியாருக்கு முடிவுகளை விற்றுவந்த பொதுச் சேவையையே மைக்ரோசாஃப்ட் மூடியது. தனி ஒப்பந்தம் வைத்திருந்த பெரியவர்கள் தப்பினார்கள். சிறியவர்கள் வேறு இடம் பார்க்க வேண்டியதாயிற்று.

சொந்த அட்டவணை போடும் பிடிவாதக்காரர்களும் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் மோஜீக், மார்க் ஸ்மித் என்பவர் 2004இல் தனியாளாகத் தொடங்கிய முயற்சி. அதன் அட்டவணை கூகுளுடையதில் மிகச் சிறிய பங்குதான். அன்றாடத் தேவைக்கு அதை மட்டும் நம்புவது கடினம். கூகுளின் முதல் பத்தில் வராத பக்கங்களைக் காட்டுவதில்தான் அதன் அழகு இருக்கிறது. சுவீடனின் விக்டர் லோவ்கிரென் உருவாக்கிய மார்ஜினாலியா இன்னும் விநோதமானது. தொடக்கத்தில் அவர் வீட்டுக் கணினி ஒன்றிலேயே ஓடிய இது, விளம்பரமும் நிரல்களும் நெரிசலாக உள்ள தளங்களைக் கீழே தள்ளி, எழுத்து மிகுந்த பழைய பாணித் தளங்களை மேலே கொண்டுவருகிறது. பேருந்து நேரம் பார்க்க அது உதவாது. பழைய வானொலிப் பெட்டியைப் பழுதுபார்த்த யாரோ ஒருவரின் நீண்ட குறிப்பை ஆங்கிலத்தில் வாசிக்க வேண்டுமானால், இதைவிட நல்ல இடம் அரிது.

பெரிய அளவில் துணிந்தது உலாவி நிறுவனமான பிரேவ். ஜெர்மனியின் கிளிக்ஸ் என்ற தேடுபொறி 2020இல் மூடப்பட்டபின், அதன் பொறியாளர்கள் தொடர்ந்து வளர்த்த டெயில்கேட் என்ற திட்டத்தை பிரேவ் 2021இல் வாங்கி, அதே ஆண்டில் தன் தேடுபொறியை வெளியிட்டது. ஆரம்பத்தில் ஒரு சிறு பங்குக்கு பிங்கின் துணை இருந்தது; 2023 ஏப்ரலில் அதையும் விட்டது. இன்று ஆங்கிலத் தேடலுக்குச் சொந்தக் காலில் நிற்கும் மாற்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், பிரேவைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

விளம்பரமே இல்லாமல் பயனரிடம் காசு வாங்கலாமே என்று எண்ணியவர்களில் சென்னை ஐஐடியில் படித்த ஸ்ரீதர் ராமசாமியும் ஒருவர். கூகுளின் விளம்பரப் பிரிவையே தலைமையேற்று நடத்திய அவர், அங்கிருந்து வெளியேறி 2019இல் விளம்பரமில்லாத நீவாவைத் தொடங்கியது சுவையான முரண். நீவா 2023இல் மூடப்பட்டது. மக்களைக் காசு கொடுக்கச் சம்மதிக்க வைப்பதைவிட, புதிய தேடுபொறி ஒன்றை முயன்று பார்க்க வைப்பதே கடினமாக இருந்தது என்று அதன் நிறுவனர்கள் எழுதினார்கள். அதே வழியில் வந்த காகி, மாதம் 5 டாலருக்கு 300 தேடல், 10 டாலருக்கு வரம்பற்ற தேடல் என்ற கட்டணத்தோடு நடக்கிறது. எரிச்சலூட்டும் தளம் ஒன்றை இனி எந்நாளும் காட்டாதே என்று அதனிடம் சொல்லிவிடலாம். நல்ல வசதிதான், ஆனால் நம் ஊர் வாசகர் தேடலுக்கென்று மாதம் 10 டாலர் கொடுப்பாரா என்பது சந்தேகமே.

முயன்று பார்க்க வைப்பது ஏன் அவ்வளவு கடினம்? கைப்பேசியைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே கூகுள் அதில் உட்கார்ந்திருக்கிறது. அப்படி உட்காருவதற்காக 2021இல் மட்டும் பல நிறுவனங்களுக்கும் சேர்த்து 2,630 கோடி டாலர் கொடுத்ததாக, அமெரிக்க அரசு கூகுள்மீது தொடுத்த ஏகபோக வழக்கில் தெரியவந்தது. 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா, கூகுள் சட்டவிரோதமாகத் தன் ஏகபோகத்தைக் காத்துவந்தது என்று தீர்ப்பளித்தார். அடுத்த ஆண்டு செப்டம்பரில், பிரத்தியேக ஒப்பந்தங்களுக்குத் தடை விதித்து, அட்டவணைத் தரவில் ஒரு பகுதியைத் தகுதியுள்ள போட்டியாளர்களோடு பகிரவும் உத்தரவிட்டார்.

தமிழில் தேடுகிறவருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. குளம், குளத்தில், குளங்களுக்கு, குளத்தையாவது என்று ஒரே சொல் உருமாறிக்கொண்டே போகும். இவையெல்லாம் ஒன்றின் வடிவங்கள் என்று தேடுபொறிக்குத் தெரிய வேண்டும். லகர ளகரப் பிழையோடு தட்டினாலும் புரிந்துகொள்ள வேண்டும். இதற்கு ஏராளமான பேர் தட்டிய சொற்களும், அவர்கள் தொட்ட முடிவுகளும் பாடமாகத் தேவை. அந்தக் குவியல் கூகுளிடம் இருக்கிற அளவுக்கு வேறு யாரிடமும் இல்லை. ஆகவே ஆங்கிலத் தேடலில் நன்றாக இருக்கும் மாற்று ஒன்று தமிழில் சொதப்பினால் வியப்படைய ஒன்றுமில்லை.

சோதிக்க விரும்புகிறவர்கள் தங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைத் தேடிப் பார்ப்பது நல்லது: சொந்த ஊரின் கோயில், தாங்கள் செய்யும் தொழில், விரும்பிப் படித்த எழுத்தாளர். விடை முன்பே தெரிந்திருந்தால்தான் எந்த இயந்திரம் எதை விட்டுவிட்டது என்று பிடிபடும். குரோம் உலாவியின் அமைப்புகளுக்குள் போய்த் ‘தேடுபொறி’ என்ற இடத்தில் வேறொன்றைத் தேர்ந்தெடுக்க ஒரு நிமிடம் போதும். டக்டக்கோவில் இருந்துகொண்டே ஒரு தேடலை மட்டும் கூகுளுக்கு அனுப்ப வேண்டுமானால், ஆச்சரியக்குறியையும் அதையொட்டி ஆங்கில ‘ஜி’ எழுத்தையும் தட்டி, இடம் விட்டுச் சொல்லை எழுதினால் போதும்.