சட்டம் கொடுக்கும் நாள்
சின்ன நாடகக் குழுக்கள் பல, ஒத்திகையின் முதல் நாளை அறிமுகப் பேச்சிலேயே கழித்துவிடுகின்றன. இலங்கையின் மட்டக்களப்புக் கூத்து மரபில் அந்தத் தொடக்கத்துக்குப் பெரிய பொறுப்பு இருந்தது. ஆட வந்தவர்களின் குரல், தோற்றம், தாளம் எல்லாம் பார்த்து, கூத்துப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் பாத்திரங்களைத் தீர்மானிப்பார். பிறகு நல்ல நாளில், ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில், அவரவர் பாட்டும் வசனமும் எழுதிய சட்டத்தைக் கையில் கொடுப்பார். ஊரறிய வாங்கியவர் இடைநடுவில் விலகுவது லேசல்ல. வயல் வேலை முடித்தவர்கள் மாதக்கணக்காக இரவில் வந்து பழகியதற்கு அந்த ஒப்புதலே முக்கிய காரணம் என்பேன்.

தன் பகுதி மட்டும் தெரிந்தால் முழுக்கதை விளங்குமா என்று கேட்கலாம். ஆடுகளமான களரியில் எல்லோரும் கூடிப் பழகுவதால் மற்றவர் பாட்டும் காதில் ஏறிவிடும். பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஆடினார்கள், பெண்களுக்குச் சட்டம் கிடைக்கவில்லை என்ற குறை நியாயமானது. ஆனால் மரபு மாறக்கூடியது: 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விடிய விடிய ஆடும் கூத்தைச் சுருக்கி நவீன மேடைக்குக் கொண்டுவந்தார். அப்போதும் மாணவர்களுக்கு ஆட்டம் பழக்கக் கிராமத்து அண்ணாவியாரையே அழைத்தார்.