‘எடுக்கவில்லை’ என்று ஒதுக்கப்படும் விரல்கள்

கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் ரேஷன் வரிசையில் நின்றவர்களுக்குப் பழகிய காட்சி இது. சுரங்கத்துக்குள் வருடக்கணக்கில் மெஷின் பிடித்த பெரியவர் கருவியில் கட்டைவிரலை வைப்பார். எடுக்காது. வேட்டியில் துடைத்து மறுபடி வைப்பார். எடுக்காது. “வேற விரல் வைங்க தாத்தா” என்பார் கடைக்காரர். எந்த விரலை வைப்பது? பத்தும் காய்த்துப் போனவைதானே!

இனி அந்த விரலிடம் பி.பி.யும் கேட்கப் போகிறார்கள். செல்போன் கேமராவின் மேல் விரல்நுனியை வைத்தால் போதும், கையில் பட்டை சுற்ற வேண்டாம். விளக்கின் ஒளி தோலுக்குள் புகுந்து திரும்பும்போது, துடிப்புக்குத் துடிப்பு ரத்தம் ஏறி இறங்குவதைக் கேமரா பிடிக்கிறது. அந்த அலையின் வடிவத்தை வைத்து அழுத்தத்தைக் கணக்கிடுகிறது செயலி. நேரடியாக அளப்பதில்லை, ஊகிக்கிறது.

இந்த ஊகத்தைச் சோதிக்க ஐ.சி.யூ.வைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. அங்கே பல நோயாளிகளின் மணிக்கட்டுத் தமனிக்குள் மெல்லிய குழாய் ஏற்கெனவே இருக்கும்; ஒவ்வொரு துடிப்பின் அழுத்தமும் திரையில் ஓடும். பக்கத்தில் போனை வைத்து ஒப்பிட வேண்டியதுதான்.

ஆனால், போன் தடுமாறுவதும் அங்கேதான். ரத்தத்தில் கிருமி பரவி அழுத்தம் சரிந்தவருக்குச் சராசரி அழுத்தம் 65-க்குக் கீழே போகாமலிருக்க நார்அட்ரினலின் ஏற்றுவார்கள். அது ரத்தக் குழாய்களை இறுக்கும். விரல்நுனி சில்லிட்டு வெளுக்கும். கேமராவுக்கு வேண்டிய துடிப்போ அந்த விரல்நுனியில்தான் இருக்கிறது! பல செயலிகளை முதலில் சாதாரணக் கருவியோடு பொருத்திக்கொள்ள வேண்டும். மருந்தின் அளவு மாறினால் அலையின் வடிவமும் மாறும். காலையில் பொருத்திய கணக்கு மத்தியானம் செல்லாமல் போகலாம். ஐ.சி.யூ.வில் அந்த எண்ணைப் பார்த்துத்தான் அடுத்த மருந்தைக் கூட்டுகிறார்கள், குறைக்கிறார்கள்.

சர்வதேச அளவுகோல் இருக்கிறது: சராசரி வேறுபாடு 5 மி.மீ. பாதரசத்துக்கு மேல் போகக்கூடாது, அதன் சிதறல் 8-க்கு மேல் போகக்கூடாது. எனக்கு உறுத்துவது அந்தக் கணக்குக்குள் யார் வருகிறார்கள் என்பது. துடிப்பு தெளிவாகப் பதியாத அளவுகளை ‘தரமில்லை’ என்று முதலிலேயே தள்ளிவிட்டு, மிச்சத்தை மட்டும் ஒப்பிடும் வழக்கம் இந்த ஆய்வுகளில் உண்டு. தள்ளப்பட்டவை யாருடைய விரல்கள்?

ஒளியால் அளக்கும் கருவிக்குத் தோலின் நிறமும் ஒரு விஷயம். கொரோனா காலத்தில் வீடு வீடாக வாங்கினோமே, விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி, அதைப் பற்றி 2020-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. 92 முதல் 96 வரை காட்டிய நேரத்தில், உண்மையில் ஆக்சிஜன் 88-க்குக் கீழே இறங்கியிருந்தது வெள்ளையரில் 3.6 சதவீத அளவுகளில், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதத்தில். பல வருடங்களாக மருத்துவமனைகள் நம்பிவந்த கருவி அது. போன் செயலிகளின் கதையும் தெம்பூட்டுவதாக இல்லை. அங்கே பிரபலமாக விற்ற ஒரு பி.பி. செயலியை 85 பேரிடம் சோதித்த ஆய்வு 2016-ல் வந்தது. அழுத்தம் உயர்ந்திருந்தவர்களில் முக்கால் பங்குக்கும் மேற்பட்டவர்களுக்கு ‘உயரவில்லை’ என்று காட்டியது.

பட்டைக்கருவிகூட இல்லாத இடத்துக்குப் போனாவது போகட்டும் என்பார்கள் ஆதரவாளர்கள். வீட்டில் பார்த்துக்கொள்ள ஒருநாள் அது உதவலாம்.

ஆனால், தங்கவயலுக்கு இதில் தனிக் கவலை உண்டு. மூன்று கிலோமீட்டர் ஆழம்வரை இறங்கிய சுரங்கம் இது. வேலை 1880-களிலேயே சூடுபிடித்துவிட்டது. கல்தூசு நுரையீரலைத் தின்னும் சிலிகோசிஸ் இந்தியாவிலேயே முதலில் இங்கே பதிவானது பல பத்தாண்டுகளுக்குப் பிறகுதான். அதுவரை மூச்சிரைத்துச் செத்தவர்கள் அந்த நோயின் கணக்கில் வரவில்லை. 2001-ல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். தொழிலாளர் லைன் வீடுகளில் மிஞ்சியிருக்கும் முதியவர்களுக்கு நெஞ்சடைத்தால் கோலாருக்கோ நூறு கிலோமீட்டர் தள்ளி பெங்களூருக்கோ ஓட வேண்டியிருக்கிறது. அந்த ஆம்புலன்ஸில் சில்லிட்ட விரலை வைத்து, போன் ‘நார்மல்’ என்று சொன்னால் வண்டியின் வேகம் குறையாதா?

அதனால் பெங்களூரிலோ வேலூரிலோ இப்படியொரு சோதனை நடத்துகிறவர்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. சராசரியை அச்சிடும் அதே பக்கத்தில், எத்தனை நோயாளிகளின் விரலைப் போன் ‘எடுக்கவில்லை’, அவர்கள் தோல் என்ன நிறம், கை என்ன வேலை பார்த்த கை, அப்போது என்ன மருந்து ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் அச்சிடுங்கள்.