சன்ஃப்ளவர் கவுன்ட்டியில் மானியம் யார் வீட்டுக்குப் போகிறது?

விவசாய மானியம் என்றதும் நம் கண்முன் வருவது கடனில் தத்தளிக்கும் சிறு விவசாயிதான். அமெரிக்காவில் வரி கட்டுகிற நாமும் "நமக்குச் சோறு போடறவங்களுக்குத்தானே, போகட்டும்" என்று விட்டுவிடுகிறோம். அந்தப் பணம் கடைசியில் யார் வாசலில் போய் நிற்கிறது என்று பார்த்தால் கதை வேறு.

மிசிசிப்பி மாநிலத்தின் சன்ஃப்ளவர் கவுன்ட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். டெல்டா மண், பருத்திச் சீமை. மக்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். பெரிய பண்ணைகளோ வெள்ளையர் கையில். 1960-களில் இங்கே இரண்டு பேர் வாழ்ந்தார்கள்.

ஒருவர் செனட்டர் ஜேம்ஸ் ஈஸ்ட்லாண்ட். 5,000 ஏக்கருக்கும் மேல் நிலம். பருத்திச் சாகுபடியைக் குறைக்கும் திட்டங்களில் அவரது பண்ணைக்கு ஆண்டுக்கு 1 லட்சம் டாலருக்கும் மேல் அரசுப் பணம் வந்தது. இன்னொருவர் ஃபேனி லூ ஹேமர். வாரத்துக்கு உழுத குடும்பம். 1962-ல் வாக்காளராகப் பதியப் போனார் என்பதற்காக, 18 ஆண்டுகள் உழைத்த பண்ணையிலிருந்து துரத்தப்பட்டார். 1965-ல் டெல்டாவில் பருத்திக் களை வெட்டினால் நாள் கூலி வெறும் 3 டாலர்.

இது தற்செயல் இல்லை. 1933-ல் ரூஸ்வெல்ட் அரசு கொண்டுவந்த சட்டம், பயிர் பரப்பைக் குறைத்தால் பணம் தந்தது. உழுபவருக்கும் பங்கு உண்டு என்றார்கள். ஆனால் பணம் முதலில் போனது நிலக்காரர் கைக்கு. சாகுபடி குறைந்த பிறகு ஆள் எதற்கு என்று பல குடும்பங்களை வெளியே அனுப்பினார்கள்.

சரி, அதெல்லாம் பழைய கதை என்பீர்கள். இன்றைக்கும் அடிப்படை மாறவில்லை. சோளம், சோயா, கோதுமை, பருத்தி, நெல், நிலக்கடலை போன்ற பயிர்களுக்கான மானியம், நிலத்தின் பழைய பயிர்க் கணக்கை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. அந்தப் பயிரை இந்த வருஷம் போட்டிருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. காய்கறி போடுகிற சிறு விவசாயிக்கு இதில் பெரிதாக ஒன்றும் கிடையாது. நிலம் அதிகம் இருந்தால் பணமும் அதிகம்.

வரம்பு இல்லையா? இருக்கிறது. 1970-ல் ஒரு பயிருக்கு 55,000 டாலர் என்று வைத்தார்கள். உடனே பண்ணைகள் காகிதத்தில் பல பேராகப் பிரிந்தன. 2018 சட்டத்தில் ஆளுக்கு 1,25,000 டாலர்; கூடவே அண்ணன் தம்பி பிள்ளைகளும் சித்தப்பா மகன்களும் தனித்தனி விவசாயியாகக் கணக்கில் வர வழி செய்தார்கள். 2025-ல் வரம்பு 1,55,000 ஆனது. பயிர்க் காப்பீட்டு பிரீமிய மானியத்துக்கோ வரம்பே இல்லை. யாருக்கு எவ்வளவு போகிறது என்று பெயரோடு வெளியிடுவதும் இல்லை.

"அதிகம் விளைவிக்கிறவருக்கு அதிகம் போவது நியாயம்தானே?" என்று கேட்பார்கள். கணக்காகப் பார்த்தால் சரி. அப்படியானால் அதை ஏழை விவசாயியின் பாதுகாப்பு வலை என்று சொல்லாதீர்கள். பெரிய பண்ணைக்குக் கையில் காசு நிற்கும்போது பக்கத்து நிலம் விலைக்கு வந்தால் வாங்குவது யார்? நில விலையும் குத்தகையும் ஏறினால், புதிதாக வருகிற இளைஞர் எப்படித் தாக்குப்பிடிப்பார்?

ஹேமர் 1969-ல் 40 ஏக்கரில் ஒரு கூட்டுறவுப் பண்ணை தொடங்கினார். காய்கறி போட்டார்கள், ஏழைக் குடும்பங்களுக்குப் பன்றிக்குட்டி கொடுத்தார்கள். அது நன்கொடையில் ஓடியது. 1970-களின் நடுவில் நின்றுபோனது. அதே கவுன்ட்டியில் பருத்திப் பண்ணைகளுக்கு அரசுப் பணம் நிற்கவில்லை.

வரம்பு குடும்பத்துக்கு இல்லை, பண்ணைக்கு என்று இருக்கட்டும். காப்பீட்டு மானியப் பட்டியலும் வெளியே வரட்டும். அடுத்த தேர்தலில் உங்கள் தொகுதி வேட்பாளர் வாக்குக் கேட்டு வந்தால், இந்த இரண்டையும் கேளுங்கள். நம்ம வரிப்பணம்தானே!