பேச்சிலே வசியம் உண்டா?

“என்ன பேசினான் என்றே நினைவில்லை. என் கையாலேயே வளையலைக் கழற்றிக் கொடுத்துவிட்டேன். ஏதோ வசியம் செய்துவிட்டான்!”

நகையைப் பறிகொடுத்த பெண்கள் இவ்வாறு கூறிக் கண்ணீர் வடிப்பதை நம்மில் பலர் கேட்டிருக்கிறோம். சாதாரணமாகப் பேசிக்கொண்டே ஒருவரது அறிவை மயக்கி, சொன்னபடியெல்லாம் ஆட்டிவைக்க முடியுமா? ஒவ்வொரு குடும்பமும் தெளிவு பெறவேண்டிய கேள்வி இது.

மனோவசியம் பொய்யா?

ஹிப்னாடிசம் எனப்படும் மனோவசியம் பொய்யன்று. அதன் வரலாற்றில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. 1756-இல் கோவாவில் பிறந்த அபே ஃபாரியா என்னும் பாதிரியார், 1813-இல் பாரிஸ் நகரில் இதனைப் பலரறியச் செய்து காட்டினார். வசியம் செய்பவரின் உடலிலிருந்து காந்த சக்தி பாய்கிறது என்று அக்காலத்தவர் நம்பினர். அப்படியொரு சக்தி இல்லை, உட்படுபவரின் மனமே அந்நிலையை உண்டாக்குகிறது என்றார் அவர். 1845-இல் வங்காளத்து ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற மருத்துவர், மயக்க மருந்து வழக்கத்திற்கு வருமுன்னரே, இம்முறையில் நோயாளிகளை ஆழ்த்தி அறுவை சிகிச்சை செய்தார். 1955-இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கமும் சில சிகிச்சைகளுக்கு இது பயன்படும் என ஏற்றுக்கொண்டது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எஸ்டெய்லின் உதவியாளர்கள் இருண்ட அறையில் நோயாளியைப் படுக்கவைத்து, மணிக்கணக்கில், சிலருக்குப் பல நாள்கள் முயன்ற பின்னரே அந்நிலை கைகூடிற்று. அமெரிக்க மருத்துவர் மில்டன் எரிக்சன் (1901–1980) கதை சொல்வதுபோலப் பேசியே மனோவசியம் செய்வதில் புகழ் பெற்றவர். எனினும் அவரிடம் வந்தவர்கள், குணம் பெற விரும்பித் தாமே வந்தவர்கள். தவிரவும், எல்லாரும் ஒரேயளவில் இதற்கு உட்படுவதில்லை. ஆழ்ந்து உட்படுவோர் சிலரே. முன்பின் அறியாத ஒருவரை, அவர் விருப்பமின்றி, இரண்டு நிமிடப் பேச்சால் பொம்மையாக்கலாம் என்பதற்கு ஆய்வுகளில் சான்றில்லை.

அப்படியானால் நடந்தது என்ன?

பழனி பேருந்து நிலையத்தை எண்ணிப் பாருங்கள். திருவிழா நாள்களில் பல ஊர் மக்கள் வந்து நிறையும் இடம். திண்டுக்கல் பேருந்துக்காக ஒரு தாய் காத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மிடுக்கான ஒருவன் வருகிறான். “அம்மா, நாங்கள் போலீஸ். அடுத்த தெருவில் வழிப்பறி நடந்திருக்கிறது. இப்படியா நகையைப் போட்டுக்கொண்டு நிற்பது? சீக்கிரம் கழற்றிப் பைக்குள் வையுங்கள்” என்கிறான். அருகில் நிற்கும் கூட்டாளி, யாரோ போல் தன் சங்கிலியைக் கழற்றிக் காட்டுகிறான். தாயின் நகையை வாங்கிக் காகிதத்தில் மடித்துப் பைக்குள் வைப்பதுபோல் வைக்கிறான். வீட்டில் பிரித்தால் உள்ளே கற்கள்! தமிழகத்தில் பல ஊர்களிலும் நடந்துள்ள மோசடி இது.

இதில் மந்திரமில்லை. அச்சம், அதிகாரம், அவசரம் என்ற மூன்றுதான் உள்ளன. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் 1961-இல் தொடங்கிய ஆய்வை இங்கு நினைவுகூரலாம். ஆய்வாளர் கட்டளையிட்டதால், அடுத்த அறையில் உள்ளவருக்கு மின்னதிர்ச்சி தருவதாக நம்பி, 40 பேரில் 26 பேர் கடைசி விசையான 450 வோல்ட் வரை அழுத்தினர். உண்மையில் மின்சாரம் பாய்ச்சப்படவில்லை. அந்த 26 பேரும் வசியம் செய்யப்பட்டவர்கள் அல்லர். அதிகாரக் குரலுக்குப் பணிந்தவர்கள். அச்சத்தில் மனம் ஒன்றையே பற்றிக்கொள்வதால் மற்றவை நினைவில் பதிவதில்லை. “ஒன்றும் நினைவில்லை” என்பதன் காரணம் இதுவே. உணவிலோ பானத்திலோ மருந்து கலந்து கொடுப்பது வேறு; அதற்கு உடனே மருத்துவமனை செல்லவேண்டும்.

இன்று இதே வித்தை தொலைபேசியில் ‘டிஜிட்டல் கைது’ என்ற பெயரில் வருகிறது. காவல் அதிகாரிபோல் வீடியோவில் தோன்றி, மிரட்டிப் பணம் பறிக்கின்றனர். இப்படியொரு கைது நம் சட்டத்தில் கிடையாது. நின்று, சிந்தித்து, பின்னரே செயல்படுமாறு பிரதமர் 2024 அக்டோபர் 27-ஆம் நாள் வானொலி உரையில் எச்சரித்தார்.

வசியம் என்ற சொல்லால் வரும் தீங்கு

“வசியம்” என்று முடிவுகட்டினால் இரு கேடுகள் விளைகின்றன. அதற்கு முறிவு தேடித் தாயத்துக்கும் தகட்டுக்கும் மேலும் பணம் கரைகிறது. வசியத்திற்குத் தடுப்பேது என்று எண்ணி, கற்கவேண்டிய பாடத்தைக் கல்லாமல் விடுகிறோம். “உனக்கு அறிவில்லையா?” என்று அத்தாவோ கணவரோ ஏசினால் கேடு இன்னும் பெரிது. ஏச்சுக்கு அஞ்சும் பெண் இழப்பை மறைக்கிறாள், புகார் தாமதிக்கிறது, திருடன் தப்புகிறான். படித்த ஆண்களும் ஏமாந்திருக்கிறார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

எனவே சகோதரிகளே, சாலையில் எவர் சொன்னாலும் நகையைக் கழற்றாதீர்கள். ஸலாம் சொல்லி உறவு கொண்டாடுவதனால் மட்டும் ஒருவரை நம்பிவிடாதீர்கள். அவசரப்படுத்துகிறவனிடம், “வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்” என்று கூறி, ஆள் நடமாட்டமுள்ள கடைக்குள் சென்றுவிடுங்கள். தொலைபேசி மோசடியில் பணம் போய்விட்டால், தாமதமின்றி 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.

வீட்டார்க்கும் ஒரு சொல்: ஏமாந்து வந்தவரை முதலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுங்கள். பின்னர் அவரை அழைத்துக்கொண்டு காவல் நிலையம் செல்லுங்கள். வீட்டில் அஞ்சாமல் பேச முடிகிற பெண்ணை, வெளியில் எவன் பேச்சும் எளிதில் வீழ்த்தாது.