பந்தாடிய கவிஞர்

விளையாட்டு வீரரைப் போற்றும் மண்டபத்திலே கவிஞருக்கு என்ன வேலை என வினவும் மாணவர்க்கு, யான் மசவோகா ஷிகியின் வரலாற்றை எடுத்துரைப்பதுண்டு.

1867ஆம் ஆண்டு யப்பானின் மட்சுயாமாவிற் பிறந்த அவர், ஹைக்கூக் கவிதைக்குப் புத்துயிர் அளித்தவர். தோக்கியோவில் மாணவராயிருந்த நாளில், அமெரிக்கர் கொணர்ந்த பேஸ்போல் ஆட்டத்திற் பெருங்காதல் கொண்டார். அடிப்பவனுக்குப் பின்னே நின்று பந்தைப் பிடிப்பது அவர் பணி. ஊதியம் எதுவுமின்றி, உவகை ஒன்றே கருதி ஆடினார்.

1889இல் கசநோயால் இரத்தம் கக்கினார். குருதி கக்கப் பாடும் எனக் கருதப்படும் குயிலினப் பறவையின் பெயராகிய 'ஷிகி' என்பதையே புனைபெயராகக் கொண்டார். நோய் பின்னர் முள்ளந்தண்டையும் பற்றியது. பாயே அவருக்கு உலகாயிற்று. ஆயினும் ஆட்டத்தை மறந்தாரல்லர். 1896இல் பத்திரிகையில் அதனை விளக்கி எழுதினார். அடிப்பவன், ஓடுபவன், நேர்ப்பந்து, வான்பந்து என்பவற்றுக்கு அவர் தந்த சொற்களை யப்பானியர் இன்றும் வழங்குகின்றனர்.

1902இல், முப்பத்தைந்து வயது நிரம்புமுன், அவர் மறைந்தார். நூறாண்டு கழிந்து 2002இல், யப்பானியப் பேஸ்போல் புகழ்மண்டபம் அவருக்கு இடமளித்தது.

கலைச்சொல் ஆக்கம் அகராதியாளர்க்கே உரியது என்பாருளர். யான் அதற்கு உடன்படேன். பந்தின் வேகத்தைத் தன் கையால் உணர்ந்தவன் ஆக்கிய சொல்லன்றோ மக்கள் நாவில் நிலைத்தது! தமிழிற் சொல்லாக்க முனைவோரும் முதலிற் களத்தில் இறங்குவாராக.