பனியில் வியர்ப்பவரின் உடுப்பு

ஸ்ரீநகரிலிருந்து குல்மார்க் போகும் வழியில் டங்மார்க் என்ற சிற்றூர் வரும். குளிர்காலத்தில் அங்கே இறங்கும் பயணிகளைத் தடித்த கோட்டுகளையும் ரப்பர் பூட்ஸ்களையும் வாடகைக்குத் தரும் கடைகள் எதிர்கொள்ளும். சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ போகிறவர் பருத்தி பனியன், சட்டை, கம்பளி ஸ்வெட்டர் என்று ஏற்கெனவே அடுக்கியிருப்பார். குளிருக்குப் பயந்து அந்தக் கோட்டையும் மாட்டிக்கொள்வார். பனியில் நின்று படம் எடுத்துக்கொள்ள அது போதும். பனிச்சறுக்குக் கட்டைகளைக் காலில் பூட்டியதும் அதே உடுப்பு அவருக்கு எதிரியாகிவிடுகிறது.

குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கற்றுக்கொள்ள வந்தவர் விழுகிறார், எழுகிறார், பக்கவாட்டில் அடி வைத்துச் சரிவில் ஏறுகிறார், மறுபடி விழுகிறார். தேர்ந்தவரைவிடப் புதியவருக்கே உடலுழைப்பு அதிகம். இயல்பிலேயே வியர்த்துக் கொட்டும் உடம்பு என்றால் சற்று நேரத்தில் முதுகு தெப்பமாகிவிடும். அதன் பிறகு சரிவின் மேலே கொண்டுபோகும் லிஃப்டுக்காக வரிசையில் நிற்க வேண்டும். லிஃப்டில் அசையாமல் உட்கார்ந்து காற்றை வாங்க வேண்டும். நடுக்கம் அப்போது தொடங்குகிறது. உடுப்பு போதவில்லை என்று நினைத்து மறுநாள் இன்னொரு ஸ்வெட்டர் சேர்க்கிறார். வியர்வை இன்னும் கூடுகிறது, நடுக்கமும் கூடுகிறது.

தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்குதான் வேலையாக மாறும். மீதி வெப்பமாக வெளியேறும். அந்த வெப்பத்துக்கு வழியில்லாதபோது உடம்பு வியர்க்கிறது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாக ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் தேவை. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்கில்தான். ஓடும்போது இது வரம். உட்கார்ந்த பிறகும் துணியில் அரை லிட்டர் ஈரம் தங்கியிருந்தால், அது உலர்வதற்கு வேண்டிய வெப்பம் சும்மா இருக்கும் உடம்பு மூன்று மணி நேரத்துக்கு மேல் உண்டாக்கும் வெப்பத்துக்குச் சமம். போதாததற்குத் தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று வீசினால் தோலுக்கு அது மைனஸ் 20 போல உறைக்கும். சரிவில் இறங்குபவர் அந்தக் காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்கிறார்.

வியர்வை உடைக்குள் சிக்கினால் என்ன ஆகும் என்பதற்கு 1911-ஆம் ஆண்டின் அண்டார்க்டிக் பயணம் ஒன்றைவிடக் கொடிய சாட்சி இல்லை. பிரிட்டிஷ் துருவப் பயணி ஸ்காட்டின் குழுவைச் சேர்ந்த எட்வர்ட் வில்சன், ஹென்றி பவர்ஸ், ஆப்ஸ்லி செர்ரி-கரார்ட் மூவரும் எம்பரர் பென்குயின் முட்டைகளைத் தேடி, துருவக் குளிர்காலத்தின் முழு இருட்டில், பொதி வண்டிகளைத் தாங்களே இழுத்துக்கொண்டு நடந்தார்கள். வெப்பநிலை மைனஸ் 60 டிகிரிக்கும் கீழே போனது. உழைப்பில் சுரந்த வியர்வை துணியைத் தாண்டி வெளியேறவில்லை. தோலை விட்டு விலகிய உடனே பனிக்கட்டியாகி உடைக்குள்ளேயே தங்கியது. ஒருநாள் கூடாரத்தை விட்டு வெளியே வந்த செர்ரி-கரார்ட் சுற்றும் முற்றும் பார்க்கத் தலையை நிமிர்த்தினார். சில நொடிகளில் உடை விறைத்துவிட்டது. தலையைத் தாழ்த்த முடியாமல் அப்படியே மணிக்கணக்கில் வண்டி இழுத்ததாக 1922-இல் வெளிவந்த தன் நூலில் எழுதியிருக்கிறார். அன்று கிடைத்தவற்றில் நல்ல உடைகளைத்தான் அவர்கள் அணிந்திருந்தார்கள். ஈரத்தை வெளியேற்றும் வழிதான் அவற்றில் இல்லை.

நார்வேக்காரர்களிடம் எளிய பதில் ஒன்று இருந்தது. 1930-களில் ராணுவ அதிகாரி ஹென்ரிக் புரூன் மீன் வலையைக் கொண்டு ஒரு பனியன் செய்து பார்த்தார். பெரிய பெரிய ஓட்டைகள் உள்ள அந்தப் பனியனைப் பார்க்கிறவருக்கு இது எப்படிக் குளிர் தாங்கும் என்று தோன்றும். ஆனால் மேலே ஒரு சட்டை போட்டதும் ஓட்டைகளுக்குள் காற்று தேங்கி வெப்பத்தைக் காக்கிறது. தோலில் துணி ஒட்டுவது குறைவு என்பதால் வியர்வை ஆவியாகி மேலடுக்குக்குப் போய்விடுகிறது. 1953 எவரெஸ்ட் குழுவினரின் உடைகளிலும் வலை பனியன் இருந்தது. அதிகம் வியர்ப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான உள்ளாடை அரிது. கடைகளில் இதற்குரிய மதிப்பு கிடைக்காதது வருத்தத்துக்குரியது.

வலை கிடைக்காவிட்டால் மெல்லிய பாலியஸ்டர் போதும். பாலியஸ்டர் இழை தன் எடையில் அரை சதவீதம்கூட ஈரம் உறிஞ்சாது. வியர்வை இழைகளின் இடுக்குகளில் பரவி வேகமாக உலரும். மெரினோ கம்பளிக்குப் பெரும் புகழ் உண்டு, அது நியாயமும்கூட. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்டும் கதகதப்பாக இருக்கும், நாற்றம் பிடிக்காது. ஆனால் அது உலர நேரமாகும். மிதமாக வியர்ப்பவருக்குச் சொல்லும் தடித்த மெரினோவை வியர்த்துக் கொட்டுபவருக்கும் பரிந்துரைப்பது தவறு. அவருக்கு மெரினோதான் வேண்டுமென்றால் இருப்பதிலேயே மெல்லியதை எடுக்கட்டும். பருத்தி பனியனுக்கும் ஜீன்ஸுக்கும் பனிமலையில் இடமே இல்லை. கழுத்தில் ஜிப் வைத்த உள்ளாடை கிடைத்தால் வாங்கிவிடலாம். கழுத்தைத் திறந்துவிட்டால் நெஞ்சுச் சூடு மளமளவென்று வெளியேறும்.

நடு அடுக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பறவை இறகு அடைத்த ஜாக்கெட் எடை குறைவு, பார்க்கவும் அழகு. ஈரம் பட்டால் இறகு சுருங்கிக் காற்றைப் பிடிக்க முடியாமல் போகும். அதனால் வியர்ப்பவருக்கு அது ஓய்வு நேரத்து உடை. மெல்லிய ஃபிளீஸ் (பஞ்சுபோன்ற பாலியஸ்டர் துணி), அல்லது கையில்லாத ஃபிளீஸ் மேலங்கி போதும்; வெயில் அடிக்கும் நாளில் அதுவும் வேண்டாம். அமெரிக்கச் சிறப்புப் படை வீரர்களுக்காக உருவான போலார்டெக் ஆல்ஃபா போன்ற துணிகள், கழற்றாமலே ஓடவும் நிற்கவும் ஏற்றவாறு காற்றோட்டத்துடன் நெய்யப்படுகின்றன. விலைதான் அதிகம்.

வெளிச் சட்டைக்கு வருவோம். 1969-இல் பாப் கோர் ஒருவகை பிளாஸ்டிக்கைச் சட்டென்று இழுத்தபோது அது கிழியாமல் நுண்துளைகள் நிறைந்த சவ்வாக விரிந்தது. தண்ணீர்த் துளியை உள்ளே விடாத, நீராவியை வெளியே விடும் அந்தச் சவ்வுதான் கோர்-டெக்ஸ். இத்தகைய சவ்வுகள் நல்லவைதான். ஆனாலும் அதிகம் வியர்ப்பவரின் ஆவி முழுவதையும் எந்தச் சவ்வாலும் கடத்த முடியாது. மேல்துணி நனைந்து ஊறிவிட்டால், அல்லது சவ்வின் உட்புறம் குளிர்ந்து ஆவி அங்கேயே நீராகிவிட்டால், விலை உயர்ந்த ஜாக்கெட்டுக்குள்ளும் ஈரம்தான். நீராவி வெளியேறத் துணி காட்டும் எதிர்ப்பைச் சொல்லும் ஆர்.இ.டி. என்ற எண்ணைச் சில நிறுவனங்கள் சீட்டில் அச்சிடுகின்றன. 6-க்குக் கீழே இருந்தால் மிக நல்லது, 20-ஐத் தாண்டினால் தவிர்க்கலாம். அந்த எண்ணைவிட அக்குளுக்குக் கீழே நீள ஜிப் இருக்கிறதா, பேன்டின் தொடைப் பக்கம் திறக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். திறந்த ஜிப் எந்தச் சவ்வையும் வெல்லும். பஞ்சு வைத்துத் தைத்த ஜாக்கெட்டை விட்டு, உள்ளே அடைப்பு இல்லாத மெல்லிய மேலாடையை எடுப்பதே சரி.

பழக்கமும் மாற வேண்டும். அறையை விட்டுக் கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். கதகதப்பாகக் கிளம்பியவர் பத்து நிமிடத்தில் நனைவார். வியர்த்த பிறகு ஜிப்பைத் திறப்பதைவிட, ஏறத் தொடங்கும் முன்பே திறப்பதும், லிஃப்டில் ஏறும் முன் மூடுவதும் பலன் தரும். மாற்று உடுப்பைச் சுமப்பதும் நல்ல பழக்கம். நார்வேயில் ரேனாவிலிருந்து லில்லஹாம்மர் வரை 54 கிலோமீட்டர் பனியில் சறுக்கிச் செல்லும் பிர்க்கபைனர் போட்டியில் குறைந்தது 3.5 கிலோ எடையுள்ள பை சுமப்பது மரபு. 1206-இல் குழந்தை இளவரசன் ஹாகோனைச் சுமந்து மலை தாண்டிய வீரர்களின் நினைவாக வந்த மரபு அது. உடம்பில் மெல்லிய உடை, பையில் காற்றுத் தடுப்பு உடுப்பும் மாற்றுத் துணியும் என்பது அந்த ஊர்க்காரர்களுக்குப் பழகிப்போன முறை. மதிய உணவு நேரத்தில் உலர்ந்த உள்ளாடைக்கு மாறுவது, ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கிய ஜாக்கெட்டைவிட அதிகம் உதவும். சிறு பையில் ஒரு பனியனும் ஒரு ஜோடி கையுறையும் எப்போதும் இருக்கட்டும்.

காலும் கண்ணும் தனிக் கவனம் கேட்பவை. இரண்டு காலுறை போட்டால் பூட்ஸ் இறுகி ரத்த ஓட்டம் குறையும். மெல்லிய கம்பளிக் காலுறை ஒன்றே போதும். இரவில் பூட்ஸின் உள்ளுறையைக் கழற்றி உலர்த்தாவிட்டால் மறுநாள் காலை ஈரத்தில்தான் கால் நுழையும். பனிச்சறுக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைக்கும் வழக்கத்தையும் விட வேண்டும். நெற்றி வியர்வையின் ஆவி படிந்து அது மங்கிவிடும்.

எல்லாவற்றையும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. ஓட்டப் பயிற்சிக்கு வாங்கிய பாலியஸ்டர் டி-ஷர்ட் வீட்டில் இருந்தால் அதுவே நல்ல உள்ளாடை. மேலாடையையும் பேன்டையும் வாடகைக்கு எடுக்கலாம், ஜிப்களைச் சோதித்துவிட்டு. பணம் செலவழிப்பதானால் உள்ளாடைக்கும் கையுறைக்கும் செலவழிக்கலாம். குளிர்ச்சியான இடத்திலும் உள்ளங்கையும் காலும் ஓயாமல் வியர்ப்பவர்கள் பயணத்துக்கு முன் தோல் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. அதற்கு மருத்துவம் உண்டு.

குளிரில் தாகம் தெரியாது. வியர்த்தவர் தாகத்துக்குக் காத்திராமல் அவ்வப்போது வெந்நீரோ சூப்போ குடிக்க வேண்டும். நடுக்கம் வந்துவிட்டால் இன்னொரு சுற்று போகலாம் என்ற ஆசையை விட்டு, கட்டடத்துக்குள் போய் ஈர உடையைக் கழற்ற வேண்டும். உடன் வந்தவரின் பேச்சு குழறினாலோ, கை தடுமாறினாலோ, கடும் நடுக்கம் திடீரென்று நின்றுபோனாலோ உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கியிருக்கலாம். அவரைத் தனியே விடாமல் மீட்புப் பணியாளரை அழைக்க வேண்டும்.