ஒலிநாடாவிலிருந்து கணினிக்கு: படியெடுப்போரின் கடமை

பழைய கையெழுத்துப் படிகளை ஆராய்ந்தோர் ஓர் உண்மையை நன்கு அறிவர். படியெடுப்போர் கண் தவறிச் செய்த பிழைகள் மட்டுமன்று, வாசகத்தைச் செம்மைப்படுத்துவதாக எண்ணிச் செய்த திருத்தங்களும் மூலத்தை மறைத்துவிட்டன. ஒலிநாடாக்களைத் தம் இல்லத்திலேயே கணினிக் கோப்புகளாக மாற்ற முற்படுவோரும் படியெடுப்போரே. ஆகவே அவர்களுக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும்.

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் அறிமுகப்படுத்திய கேசட்டிலுள்ள நாடாவின் அகலம் 3.81 மி.மீ.; அது வினாடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் ஓடுகிறது. மெல்லிய பிளாஸ்டிக் நாடாவின்மேல் காந்தத் துகள்கள் ஒருவகைப் பசையால் பிணைக்கப்பட்டுள்ளன. வெப்பமும் ஈரமும் அப்பிணைப்பைத் தளர்த்தும், பூஞ்சையும் படரும். மறைந்த ஆயர்களின் அருளுரைகளும், முதியோரின் நினைவுரைகளும், சுரக்குறிப்பு எழுதப்படாத மெட்டுகளும் பல இல்லங்களில் இத்தகைய நாடாக்களில் மட்டுமே எஞ்சியுள்ளன. எனவே காலந்தாழ்த்துதல் தகாது.

1. ஆயத்தம்

முதலாவது, கேசட்டின் பின்விளிம்பிலுள்ள இரு சிறு தாழ்களையும் உடைத்து நீக்குக. பதிவுப் பொத்தானைத் தவறி அழுத்தினாலும் பழைய குரல் அழியாதிருக்க இதுவே காவல். வெண்பூஞ்சை காணப்படின் அதை ஓட்டலாகாது. வல்லுநரிடம் ஒப்படைத்தல் நன்று. நாடாவை அழுத்திப் பிடிக்கும் சிறு பஞ்சுத் துண்டு விழுந்திருப்பின், நாடாவைத் திருகாணியுள்ள வேறொரு கூட்டிற்கு மாற்றலாம். கருவியின் ஒலித்தலையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்ந்த பஞ்சினால் துடைத்து உலரவிடுக. பின்பு நாடாவை ஒருமுறை முழுவதும் முன்னும் பின்னும் சுற்றுக. 120 நிமிட நாடா மிக மெல்லியது. அதைச் சுற்றுகையில் மிகுந்த கவனம் தேவை.

2. பதிவு

கருவியின் ஒலி வெளியீட்டைக் கணினியின் லைன்-இன் துளையிலோ, யு.எஸ்.பி. வழி இயங்கும் ஒலி இணைப்புக் கருவியிலோ பொருத்துக. மைக் துளையில் பொருத்தினால் ஒலி சிதையும். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருள் இப்பணிக்குப் போதும். மிக உரத்த இடமும் உச்ச எல்லைக்கு 6 டெசிபெல் கீழேயே நிற்கட்டும். எல்லை கடந்து வெட்டுண்ட ஒலியைப் பின்னர் மீட்பது அரிது.

ஒலி மங்கிக் கேட்டால், ஒலித்தலையின் சாய்வு பதிவு செய்த கருவியோடு பொருந்தாதிருக்கலாம். தலையின் அருகிலுள்ள சிறு திருகாணியை மெல்லத் திருப்பி, மெய்யெழுத்துகள் மிகத் தெளிவாய்க் கேட்கும் நிலையில் நிறுத்துக. டால்பி முறையில் பதிந்த நாடாவை அம்முறையிலேயே ஒலிக்கச் செய்தல் வேண்டும்.

3. மூலப்படியும் பயன்படியும்

ஒலி, காட்சிக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கம், வினாடிக்கு 48,000 மாதிரிகளும் மாதிரிக்கு 24 பிட்டும் குறைந்த அளவெனப் பரிந்துரைக்கிறது. இவ்வாறு பதிந்த இருதடக் கோப்பு மணிக்கு ஏறக்குறைய ஒரு ஜிகாபைட் இடங்கொள்ளும். அதனை வேவ் வடிவில் மூலப்படியாகக் காத்திடுக. எம்.பி.3 வடிவம் ஒலியின் சில பகுதிகளை நீக்கியே சுருங்குகிறது. கேட்பதற்கு அது போதும், காப்பதற்குப் போதாது.

இரைச்சலை நீக்கும் ஆவல் எழுதல் இயல்பே. ஆயினும் இரைச்சலோடு பேசுவோரின் மூச்சும், சொல்லுக்கு முன் வந்த தயக்கமும், சபையார் பாடிய பின்னொலியும் நீங்கக்கூடும். இன்று பயனற்றதாய்த் தோன்றுவது நாளை ஆய்வாளருக்குச் சான்றாகலாம். எனவே திருத்தங்கள் பயன்படியில் மட்டுமே இடம்பெறுக, மூலப்படியைத் தொடலாகாது.

4. பொறுப்பு

பேசியவர், இடம், நாள் ஆகியவற்றைக் கோப்பின் பெயரிலும் தனிக் குறிப்பேட்டிலும் எழுதுக. உறுதியில்லாதவற்றை ஐயக்குறியுடன் குறித்திடுக. இரு வெவ்வேறு இடங்களில் படிகளை வைத்திடுக. நாடாவையும் எறிந்துவிடலாகாது. தனிமையில் ஆயரிடம் மனம் திறந்தோரின் குரல் அதில் இருக்குமாயின், அவர் இசைவின்றி வெளியிட நமக்கு உரிமையில்லை.

நம்மிடம் வந்த குரலைக் கூட்டாமலும் குறைக்காமலும் அடுத்த தலைமுறையிடம் சேர்ப்பதே படியெடுப்போரின் கடமையாகும்.